பக்கவாதத்துக்குப் பிறகு: அன்றாடத் தெம்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கவாதம் வந்தவர்களின் வீடுகளுக்குப் போய் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. கை எப்போது தூக்க வரும், எப்போது நடக்கலாம் என்றுதான் பேச்சு தொடங்கும். டீ குடித்து முடிப்பதற்குள் மனசைப் பற்றிய கேள்விகளுக்கு வந்துவிடும். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும்தான் இவை. மருந்து மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

அப்பாவுக்கு ஊக்கமே இல்லை. பயிற்சி செய்யச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். என்ன செய்வது?

சோம்பல் என்று முடிவு கட்டாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் ஆசை இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, நம் அறிவுரையால் அது சரியாகாது. அது இல்லையென்றாலும் களைப்பு இருக்கும். பல் தேய்த்து முகம் கழுவுவதற்குள்ளேயே ஒரு நாள் வேலை செய்த மாதிரி ஓய்ந்துபோவார்கள். மூளை அடிபட்டதால் வரும் களைப்பு அது. காலையில் தெம்பாக இருக்கும் நேரம் பார்த்துப் பயிற்சியை வையுங்கள்.

இந்த இரண்டும் இல்லை, ஆனாலும் படுத்தே கிடக்கிறார் என்றால் வீட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். நேற்றுவரை குடும்பத்துக்கே முடிவெடுத்த மனிதர். இன்று எந்தச் சட்டை போடுவது, எப்போது சாப்பிடுவது, ஃபேன் எந்த வேகத்தில் சுற்றுவது எல்லாமே மற்றவர்கள் கையில். யாராவது அவரைக் கேட்கிறார்களா? நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் இல்லை. "மாமாவுக்கு ரசம் சாதம் போதும்" என்று அவர் தலைக்கு மேலேயே பேசி முடித்துவிடுகிறார்கள்.

என் அனுபவத்தில் தெம்பு திரும்பும் முதல் இடம் இதுதான். முடிவுகளைத் திருப்பிக் கொடுங்கள். "எழுந்து பயிற்சி செய்யுங்கள்" என்பதை விட்டுவிட்டு, "காபிக்கு முன்னாடி நடக்கலாமா, பின்னாடி நடக்கலாமா?" என்று கேளுங்கள். "இன்றைக்கு வாசல் வரைக்குமா, ஹால் வரைக்குமா?" என்று கேளுங்கள். பால்காரர் கணக்கை அவரே பார்க்கட்டும். ஊக்கம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. செய்யத் தொடங்கி, செய்தது தன் முடிவு என்று தோன்றிய பிறகுதான் அது மெல்ல எட்டிப் பார்க்கும்.

தினமும் காலையில் தன்னம்பிக்கை வீடியோ, நல்வாக்கியம் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். நல்லதுதானே?

அனுப்புகிறவருக்கு நல்லது. "முயன்றால் முடியாதது இல்லை" என்ற வரி, முயன்றும் விரல் அசையாதவருக்கு வேறு மாதிரி கேட்கும்: அப்படியானால் நான் சரியாக முயலவில்லையா? அந்த நேரத்தில் போன் செய்து, "நேற்று மேட்ச் பார்த்தீர்களா?" என்று கேட்டால் போதும்.

அப்படியானால் சாதித்தவர்கள் கதையே சொல்ல வேண்டாமா?

சொல்லலாம். ஆனால் முழுசாகச் சொல்ல வேண்டும். "அவருக்கும் வந்தது, அவர் ஜெயித்தார்" என்று இரண்டு வரியில் சுருக்கினால் உதவாது, எப்படி என்பதுதான் முக்கியம்.

லூயி பாஸ்டருக்கு 1868-ல், 45 வயதில் பக்கவாதம் வந்து இடது பக்கம் பாதித்தது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை அவர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் பயன்படுத்தியது 1885-ல், அதாவது 17 ஆண்டுகள் கழித்து. கை பழையபடி ஆகிவிட்டதா என்றால் இல்லை. கைவேலையில் பெரும்பகுதியை உதவியாளர்கள் செய்தார்கள், யோசனையும் திட்டமும் அவருடையவை. (நம் குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இவர் பெயரில்தான் இருக்கிறது.) ஸ்வீடன் கவிஞர் தூமாஸ் திரான்ஸ்திரோமருக்கு 1990-ல் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்து, பேச்சும் பெரும்பாலும் போய்விட்டது. அவர் பியானோ வாசிப்பவர். இடது கைக்கென்றே எழுதப்பட்ட இசையைத் தேடி வாசித்தார், கவிதையும் குறைவாக, சுருக்கமாக எழுதிக்கொண்டிருந்தார். நோபல் பரிசு 2011-ல் வந்தது.

பக்கவாதம் இல்லை என்றாலும், நான் அதிகம் சொல்வது வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் பற்றி. இளம் டாக்டராக இருந்தபோது 1954-ல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அங்கே தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்து வந்த டாக்டர் பால் பிராண்ட், அந்தக் கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்றார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூரில் 1966-ல் திறந்த மறுவாழ்வு மையத்துக்கு இன்று அவர் பெயர்தான். 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தென்காசிப் பக்கத்து ஆய்க்குடி ராமகிருஷ்ணனையும் சொல்வேன். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கை கால் செயலிழந்தவர், 1981-ல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தின் பெயரில் உள்ள அமர், அவருக்குச் சிகிச்சை கொடுத்த ராணுவ மருத்துவரின் பெயரிலிருந்து வந்தது. 2020-ல் இவருக்கும் பத்மஸ்ரீ.

இவர்கள் யாருக்கும் போன உடம்பு அப்படியே திரும்பி வரவில்லை. வேலையை உடம்புக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள், அதைச் சொல்லிக் கொடுக்கவும் செய்து கொடுக்கவும் பக்கத்தில் ஆள் இருந்தது. கதையிலிருந்து இந்தப் பகுதியைத்தான் நாம் வெட்டி எறிந்துவிடுகிறோம்.

இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்மஸ்ரீ வாங்கியவரை விட, இரண்டு தெரு தள்ளி ஒரு கையால் லுங்கி கட்டப் பழகிவிட்ட மனிதர் நேரில் வந்து உட்கார்ந்து பேசுவது அதிக வேலை செய்கிறது. "முதல் மாசம் நானும் இப்படித்தான் கிடந்தேன். பட்டன் சட்டையை விட்டுட்டு டீ-ஷர்ட்டுக்கு மாறுங்க" என்று அவர் சொல்லும்போது கேட்கிறவர் முகமே மாறும். நம்மை விட ஆறு மாதம் முன்னால் போய்க்கொண்டிருக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டால், அந்த ஆளிடம் அனுமதி வாங்கி அறிமுகம் செய்து வைப்பார்.

பழையபடி ஆகிவிடுவாரா? உண்மையைச் சொல்லுங்கள்.

ஆளுக்கு ஆள் மாறும். மூளையில் எந்த இடம், எவ்வளவு பெரிய பாதிப்பு என்பதைப் பொறுத்தது. பொதுவாக முதல் 3 மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், 6 மாதம் வரை நன்றாகத் தொடரும், அப்புறம் மெதுவாகும். மெதுவாகும் என்றால் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. அமெரிக்க மூளை ஆய்வாளர் ஜில் போல்ட் டெய்லருக்கு 1996 டிசம்பரில், 37 வயதில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. முழுமையாகத் தேற 8 ஆண்டுகள் ஆயின என்று அவரே சொல்கிறார்.

மெதுவாகும் காலத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள், ஏனென்றால் நாளுக்கு நாள் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே நாற்காலியிலிருந்து எழுந்து நடப்பதை செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மூன்றாவது மாத வீடியோவையும் முதல் மாத வீடியோவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். நான் பார்த்தவரை, வேறு எந்தப் பேச்சும் இந்த அளவுக்குத் தெம்பு தருவதில்லை.

"ஒரு மாசத்துல ஓடிடுவீங்க" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். ஒரு மாதம் கழித்து அவர் உங்களையும் நம்ப மாட்டார், என்னையும் நம்ப மாட்டார்.

புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும், ஒரே நாளில் எழுந்து நடந்தார் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களே?

புறா ரத்தத்தால் பக்கவாதம் சரியாகாது. ஆனால் அந்தக் கதைகள் எல்லாம் பொய் என்றும் நான் சொல்லவில்லை. அங்கே நடப்பது வேறு. முகவாதம் என்று ஒன்று உண்டு: முகத்துக்கு வரும் நரம்பு வீங்கி வாய் ஒரு பக்கம் கோணும், கண் மூடாது, ஆனால் கை கால் நன்றாக இருக்கும். அது மூளையில் வரும் பக்கவாதம் இல்லை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் குணமாகிவிடும் (அதற்கும் டாக்டரிடம் சீக்கிரம் போவது நல்லது). இன்னொன்று, ரத்த ஓட்டம் கொஞ்ச நேரம் தடைபட்டு, கை கால் விழுந்து, சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தானாகச் சரியாகிவிடும் சிறு தாக்குதல். இந்த இரண்டும் தானாகச் சரியாகும்போது, எதைத் தேய்த்திருந்தாலும் தேய்த்ததற்குப் பெயர் கிடைக்கும். அந்தச் சிறு தாக்குதல் பெரிய பக்கவாதத்துக்கு முன் வரும் எச்சரிக்கை. "நல்லாயிடுச்சே" என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து.

எதற்கெடுத்தாலும் அழுகிறார். சில சமயம் சாவு வீட்டுச் செய்தி கேட்டுச் சிரிக்கிறார். மனநிலை பாதித்துவிட்டதா?

இல்லை. அழுகையையும் சிரிப்பையும் கட்டுப்படுத்தும் மூளை வழிகள் அடிபட்டால் இப்படி ஆகும். பேரன் வந்து "தாத்தா" என்றாலே கண்ணீர் கொட்டும், உள்ளே அவ்வளவு துக்கம் இருக்காது. அடையாளம் காண ஒரு வழி: பேச்சை மாற்றிப் பாருங்கள். ஜன்னலைக் காட்டி "மழை வரும்போல இருக்கே" என்றால் சட்டென்று நின்றுவிடும். உண்மையான துக்கம் அப்படி நிற்காது. அழும்போது சுற்றி நின்று தேற்றாதீர்கள், கண்டுகொள்ளாமல் இருப்பதே உதவி. அவருக்கே வெட்கமாக இருக்கும், "இது நோயால் வருவது, எங்களுக்குத் தெரியும்" என்று ஒருமுறை சொல்லி வையுங்கள். தொல்லை அதிகமானால் மருந்து உண்டு.

அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் தினமும் பாடிய பாட்டை மட்டும் வார்த்தை பிசகாமல் பாடுகிறார். எப்படி?

இதைப் பார்க்கும் எல்லா வீட்டிலும் ஒரு நிமிடம் ஆச்சரியம்தான். பெரும்பாலானவர்களுக்கு மொழி மூளையின் இடது பாதியில் இருக்கிறது. அங்கே அடிபட்டால் வலது கை கால் விழுவதோடு பேச்சும் தடைபடும். ஆனால் ராகத்தோடு மனதில் பதிந்த பாட்டு, வருடக்கணக்காகச் சொன்ன கவசம், ஜெபம், ஒன்று இரண்டு மூன்று, ஞாயிறு திங்கள் செவ்வாய் போன்றவை அதே வழியை மட்டும் நம்பி இருப்பவை இல்லை. அதனால் தப்பித்துவிடுகின்றன. இதை வைத்தே ராகம் போட்டுப் பேசப் பழக்கும் சிகிச்சை முறையும் இருக்கிறது, பேச்சுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது: கூடச் சேர்ந்து பாடுங்கள். கடைசி வார்த்தையை அவர் முடிக்கும்படி விட்டுவிடுங்கள். பேசும்போது டிவியை நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, ஆமாம் இல்லை என்று பதில் வருகிற கேள்வி. அப்புறம் காத்திருங்கள், வீட்டில் இருப்பவர்களுக்குக் கஷ்டமான வேலை அதுதான். தண்ணீர் என்று நினைத்துச் சோறு என்று சொன்னால் சிரிக்க வேண்டாம், தண்ணீரை எடுத்துக் காட்டிக் கேளுங்கள். சத்தமாகப் பேச வேண்டியதில்லை, அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. அறிவும் போகவில்லை. அவரைப் பற்றி அவர் முன்னாலேயே பேசுவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.

பாதித்த கையில் கொஞ்சம் அசைவு வந்துவிட்டது. ஆனாலும் பயன்படுத்தவே மாட்டேன் என்கிறார். தைரியம் இல்லையா?

தைரியத்தை விட இது பழக்கம். ஆரம்பத்தில் அந்தக் கையால் எதை முயன்றாலும் தோல்வி. நல்ல கையால் எல்லாம் முடிகிறது. மூளை கணக்குப் போட்டு அந்தக் கையை மறந்துவிடுகிறது, பிறகு அசைவு திரும்பினாலும் தேடுவதில்லை. எட்வர்டு டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைக் குரங்குகளிடம் கண்டார். நல்ல கையைக் கட்டிவைத்தால், கைவிடப்பட்ட கை வேலை செய்யத் தொடங்கியது. அதையே மனிதர்களுக்கு மாற்றி, நல்ல கைக்கு உறை மாட்டி, இரண்டு வாரம் பாதித்த கையால் தீவிரமாகப் பழகும் சிகிச்சையாக்கினார்கள். 222 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2006-ல் வெளியானது, பலன் தெளிவாகத் தெரிந்தது. மணிக்கட்டும் விரலும் ஓரளவு விரிய வருகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும். நீங்களாகக் கட்டிவைக்காதீர்கள், நடையில் தள்ளாட்டம் இருந்தால் விழுந்துவிடுவார்.

கட்டாமலேயே செய்யக்கூடியது நிறைய. ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னால் பத்து தடவையில் சலித்துவிடும். சப்பாத்தி மாவு பிசையச் சொல்லுங்கள். பல்லாங்குழி இருக்கிறதா? புளியங்கொட்டையோ சோழியோ ஒவ்வொன்றாகப் போட்டு ஒரு ஆட்டம் முடிவதற்குள் விரல்கள் எத்தனை தடவை வேலை செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள், நான் தரும் பயிற்சித் தாளில் அத்தனை இருக்காது. கூடவே பேத்தியிடம் தோற்கக் கூடாது என்ற ரோஷமும் வரும். பூக்கட்டுகிற அம்மாவுக்குப் பூ, கோலம் போடுகிறவருக்குக் கோலமாவு, கடை வைத்திருந்தவருக்குச் சில்லறை எண்ணுவது. கோயிலுக்கு நடந்து போக வேண்டும் என்று ஆசையா? முதலில் தெருமுனைப் பிள்ளையார், பழனியை அப்புறம் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. எழுப்பி உட்கார வைக்கும்போது பாதித்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள்மூட்டு நழுவி வலி வந்தால் மாதக்கணக்கில் பயிற்சி கெடும். ஆர்வத்தில் மிகையாகச் செய்வதும் சரியில்லை: பக்கவாதம் வந்து 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடக்க வைத்ததால் பலன் குறைந்தது என்று 2015-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. முதல் நாட்களின் வேகத்தை டாக்டர் முடிவு செய்யட்டும்.

விசாரிக்க வருகிறவர்கள் போன பிறகு அவர் இன்னும் சோர்ந்துவிடுகிறார்.

"எப்படி இருந்த மனுஷன்!" என்று வாசலிலேயே ஆரம்பித்தால் பின்னே என்ன ஆவார்? வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, அழக் கூடாது, வேறு யாருக்கோ வந்து என்ன ஆயிற்று என்ற கதை கூடாது, பதினைந்து நிமிடம் போதும் என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. வரலாமா என்று அவரையே கேட்டுவிட்டு வரச் சொன்னால் இன்னும் நல்லது.

"செத்தால் தேவலை" என்கிறார். சும்மா சொல்கிறாரா?

சும்மா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நிஜமாகவே சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மாத்திரைகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, தமிழக அரசின் உதவி எண் 104, இரண்டிலும் தமிழில் பேசலாம்.

மாமியாரைப் பார்த்துக்கொள்வது நான். எனக்கு யார் தெம்பு கொடுப்பார்கள்?

இந்தக் கேள்வியைச் சமையல்கட்டில், குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். தியாகம், புண்ணியம் என்று யாராவது புகழ்ந்தால் அதை மறுத்துவிட்டு வாரத்தில் அரை நாளைக் கேட்டு வாங்குங்கள். மகன்களும் மகள்களும் முறை போட்டுக்கொள்ளட்டும். வெளியூரில் இருப்பவர் பணம் தரட்டும், அதில் உதவிக்கு ஆள் வைக்கலாம். கோபம் வருவது தப்பில்லை, எல்லோருக்கும் வருகிறது. உங்கள் முதுகையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்: தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள், அவர் இடுப்பில் அகலமான பெல்ட் போட்டு அதைப் பிடியுங்கள். மாமியாரால் செய்ய முடிந்ததை அவரே செய்யட்டும், சட்டென்று முடியுமே என்று நீங்கள் ஊட்டிவிடாதீர்கள். அரை மணி நேரம் ஆகும், தரையெல்லாம் சிந்தும். அந்த அரை மணி நேரம்தான் அவருக்குப் பயிற்சி, உங்களுக்கு ஓய்வு. ஆனால் எப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அடிக்கடி புரையேறினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தொடர்ந்து பிசியோதெரபிக்குச் செலவு செய்ய முடியவில்லை.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கிறார்கள், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளும் வீடு தேடி வரும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். பாதிப்பு நிலைத்துவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். சிலர் அதை வாங்கக் கூச்சப்படுகிறார்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஓரளவு தேறிவிட்டேன். ஆனால் மறுபடி வந்துவிடுமோ என்று ராத்திரி தூக்கமே இல்லை.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது, ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம்தான். அதைக் குறைக்கும் வழியும் உங்கள் கையில் இருக்கிறது. ரத்த அழுத்தம் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள், மாத்திரையால்தான் அது சரியாக இருக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். பீடி சிகரெட் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வாய் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது, இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் சின்னப் பிள்ளைகள் வரை சொல்லி வையுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் சிடி ஸ்கேன் வசதியும் அந்த ஊசியும் உள்ள பெரிய மருத்துவமனை உங்கள் பக்கத்தில் எது என்று இந்த வாரமே விசாரித்து, அந்தப் பெயரையும் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் ஒரே தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.